மெயின் யார் சுவரில்

அந்த வீட்டைப் பங்கு வைத்தபோது இரண்டே இரண்டைத்தான் பொதுவில் விட்டார்கள். ஒன்று கொல்லைக் கிணறு. இன்னொன்று நடைச்சுவரில் இருந்த கரண்டு மீட்டர். மற்றதெல்லாம், ஆட்டுக்கல்லும் உரலும் முதற்கொண்டு, உனக்கு எனக்கு என்று பிரிந்துபோயிற்று. கிணற்றால் ஒரு தொந்தரவும் வரவில்லை. ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு கயிறு, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மீட்டர்தான் பொன்னுத்தங்கத்துக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. மீட்டர் என்றுகூடச் சொல்லக்கூடாது. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், பாவம். அதற்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சுதான் வில்லங்கம்.

சிவகாசியில் அந்தக் காலத்து நாட்டு ஓட்டு வீடு அது. தெருவாசல் ஒன்றுதான். உள்ளே நுழைந்தால் பகலிலும் இருட்டான ஒரு நடை. நடை முடிகிற இடத்தில் வலப்பக்கம் திரும்பினால் மூத்தவர் அய்யாதுரை, இடப்பக்கம் திரும்பினால் இளையவர் தனுஷ்கோடி. அய்யாதுரைக்கு வெம்பக்கோட்டைப் பாதையில் சிறிதாக ஒரு பட்டாசு ஆலை. தனுஷ்கோடிக்கு ஊருக்குள் லேபிள் அச்சடிக்கிற கம்பெனி. பொன்னுத்தங்கம் தனுஷ்கோடியின் மனைவி. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். யாராவது பசி என்று வந்து நின்றால் அடுப்பில் இருப்பதை அப்படியே வழித்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் மனசில் ஒன்று தைத்துவிட்டால் அதைப் பிடுங்க அவளால் முடியாது, வேறு யாராலும் முடியாது.

தைத்தது அய்யாதுரையின் பழக்கம். வானம் லேசாகக் குமுறினால் போதும், அந்த மனிதர் எங்கே இருந்தாலும் ஓடிவந்து மெயினை அமத்திவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எச்சில் கையோடு வருவார். மழை விட்டு, இடி ஓய்ந்து, மேகம் ஆனைக்குட்டம் பக்கம் ஒதுங்கிய பிறகுதான் கரண்டு திரும்பும். பட்டாசு ஆலையில் அதுதான் சட்டம். மேகம் முழங்கினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆட்கள் எல்லாரும் ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அய்யாதுரை அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு அதற்குக் காரணமும் இருந்தது. ஐம்பத்தைந்தாம் வருஷம் கோடை இடியில் பக்கத்து ஆலை ஒன்றில் ஒரு ஷெட் வெடித்துப் போயிற்று. ஓடிப்போய் அள்ளியவர்களில் அவரும் ஒருவர். எதை அள்ளினார், யாரை அள்ளினார் என்று அவர் வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. பொன்னுத்தங்கத்துக்கும் அது தெரியும். ஆனால் சிவகாசியில் அப்படி ஒரு கதை இல்லாத குடும்பம் எது? எல்லாருமா மெயினை அமத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சியை அவள் அவரிடம் நேரே சொல்லவும் முடியாது. அந்தக் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டியும் கணவனுக்கு மூத்தவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் குரல் அவளுக்குத் தெரியும், அவள் குரல் அவருக்குத் தெரியும், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் ஒரு ஆள் வேண்டும். முதலில் சொர்ணலட்சுமி, அய்யாதுரையின் மனைவி, நடுவில் நின்றாள். பிறகு பொன்னுத்தங்கத்தின் மகள் ராஜக்கனிக்கு நாக்குத் திரும்பியதும் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

"ஏத்தா ராசு, மேகம் குமுறுது. மெயினை அமத்துறேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பார் பெரியப்பா நடையில் நின்றுகொண்டு.

"நான் அரிசி களைஞ்சிக்கிட்டு இருக்கேன், கல்லு எது அரிசி எதுன்னு தெரியாம உலையில போடவான்னு கேளு உங்க பெரியப்பாவை" என்பாள் அம்மா அடுப்படியிலிருந்து.

இரண்டு பேருக்கும் இரண்டு பேர் பேச்சும் நன்றாகக் கேட்கும். இருந்தாலும் ராஜக்கனி நடைக்கும் அடுப்படிக்குமாக ஓட வேண்டும். அப்படி ஓடியே வளர்ந்த பிள்ளை அது.

இதெல்லாம் முணுமுணுப்போடு போய்க்கொண்டிருந்தது. அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில்தான் முணுமுணுப்பு கண்ணீராயிற்று. விருதுநகரிலிருந்து வத்தல் கமிஷன் கடைக்காரர் குடும்பம் ராஜக்கனியைப் பெண் பார்க்க வந்திருந்தது. நல்ல இடம். பையன் கடையில் உட்காருகிறான், குணம் தங்கம் என்று கேள்வி. பொழுது சாய்கிற நேரம். பிள்ளை பட்டுப்புடவை கட்டி, காப்பித் தட்டை ஏந்தி, அடுப்படி நிலைப்படியைத் தாண்டுகிறாள். தூரத்தில் எங்கேயோ ஒரு குமுறல். அவ்வளவுதான், டப்பென்று வீடு முழுக்க இருட்டு.

இருட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் அத்தைக்காரி குரல் வந்தது. "பொண்ணு படி தாண்டுது, வெளக்கு அணையுதே" என்று தனக்குத்தானே சொல்வதுபோல அவள் சொன்னாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாகத்தான் போனார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

பொன்னுத்தங்கம் அன்றைக்கு அழுத அழுகையைச் சொல்லி மாளாது. பெற்ற வயிறு எரியாதா? "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பொறுத்திருக்கக் கூடாதா? எம்பிள்ளை வாழ்க்கையை அமத்திப்புட்டாகளே" என்று சுவர் இந்தப் பக்கம் அழுதாள். சுவர் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அய்யாதுரை ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவரோ அடுத்த மேகத்துக்கும் வந்து மெயினை அமத்தினார்.

மறு பங்குனியில் நடைக்கூரை சரிந்தது. கரையான் தின்ற வாரிக்கட்டை ஒன்று முறிந்து, ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. தனுஷ்கோடிக்குக் கையில் கொஞ்சம் வசதி சேர்ந்திருந்த நேரம். ஓட்டுக்கூரையையும் நடையையும் மொத்தமாக எடுத்துவிட்டு, மேலே தளம் போட்டு, ஆளுக்கொரு தெருவாசல் வைத்துக் கட்டிவிடலாம் என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணனும் சரி என்றார். அண்ணன் தம்பிக்குள் ஒரு நாளும் பிரச்சினை இல்லை. இருவரும் கூடினால் காகித விலையும் சீசனும் பேசிவிட்டுப் பிரிவார்கள். தனுஷ்கோடிக்கு வீட்டு வழக்கு எதுவும் காதில் ஏறாது. அவருக்கு அச்சு மை காய்ந்ததா இல்லையா என்பதுதான் கவலை.

கொத்தனார் கடப்பாரையோடு வந்து நடைச்சுவரைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார்.

"இதை எடுத்தாத்தான் செவுத்துல கை வைப்பேன். கரண்டு வெவகாரம் நமக்கு ஆகாது" என்றார்.

வயர்மேன் இன்பராஜை வரச்சொன்னார்கள். சர்ச்சுத் தெருக்காரன், அந்த வீட்டுக்கு முதன்முதல் கரண்டு வந்தபோது மரச்சட்டம் அடித்து வயர் இழுத்தவரின் மகன். அவன் கரண்டு ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னான். "அண்ணாச்சி, நடை போயிரும்னா மெயினு ரெண்டு வீட்டுல ஒரு வீட்டுக்குத்தான் போகணும். ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி லைன் கேட்டா ரொம்ப நாளு ஆகும். தீப்பெட்டிக் கம்பெனிக்காரக எல்லாரும் எழுதிப்போட்டுட்டுக் காத்துக்கிடக்காக. இருக்கிற லைனை இடம் மாத்துறது சட்டுன்னு முடிஞ்சிரும். எந்தச் செவுத்துல வைக்கட்டும், நீங்களே பேசிச் சொல்லுங்க."

எந்தச் சுவர் என்றதும் கதவுக்குப் பின்னால் நின்ற பொன்னுத்தங்கம் ஒரு எட்டு முன்னால் வந்தாள். கரண்டுக் கம்பம் நிற்பது அய்யாதுரை பக்கத்துத் தெருமுனையில். நியாயமாகப் பார்த்தால் அவர் சுவரில்தான் வைக்க வேண்டும். நியாயம் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

"ராசு, உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு. மெயினு நம்ம பக்கந்தான் இருக்கணும். இத்தனை வருசம் அவுக கையில இருந்துச்சு, இனி எங்கையில இருக்கட்டும்."

முற்றத்தில் நின்ற ராஜக்கனி இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, அம்மா வந்து..."

"கேட்டுச்சுத்தா" என்றார் அய்யாதுரை. தலையைக் குனிந்து உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு பெரிய சண்டைக்குப் பொன்னுத்தங்கம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் சொன்னது இவ்வளவுதான். "வச்சுக்கிடட்டும். மேகம் குமுறுனா அமத்திறணும். அதை மட்டும் உங்கம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு."

"அமத்துறேன்னு சொல்லு" என்றாள் பொன்னுத்தங்கம். சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், அமத்தப்போவதில்லை என்று.

இடம் மாற்றுகிற வேலை நடந்தது. லைன்மேன் கம்பத்தில் ஏறி வயரைக் கழற்றினார். இன்பராஜ் பழைய மரப்பலகையை மீட்டரோடு சேர்த்துப் பெயர்த்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி இறக்கினான். பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் பழைய வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கப்புறம் கொத்தனார் கடப்பாரையை எடுத்தார். சுவர் போய், தளம் போட்டு, அது காய்கிறவரை இரண்டு குடும்பமும் அரிக்கேன் லைட்டில்தான் இருந்தார்கள். தனுஷ்கோடி வீட்டு முன்னறைச் சுவர் பூசி முடிந்ததும் புதுப்பலகை ஏறியது. கம்பம் தூரமானதால் வயர் தெருவுக்கு மேலே சாய்வாக வர வேண்டியிருந்தது. அது தாழாமல் இருக்கத் தளத்தின் ஓரத்தில் உயரமாக ஒரு இரும்புக் குழாய் நட்டார்கள்.

எர்த்துக்குழி வெட்டிய அன்று அய்யாதுரை ஆலைக்குப் போகவில்லை. குழியில் கம்பியை இறக்கிக் கரியும் உப்பும் போட்டு மூட வேண்டும் என்று இன்பராஜ் சொன்னதும், ஆலையிலிருந்து ஒரு மூட்டை கரி வரவழைத்துவிட்டார். வெடிமருந்துக்கு இடிக்கிற நயம் கரி. குழி பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இன்னும் ஆழமாத் தோண்டு. இன்னும். காசு நான் தாரேன், தோண்டுலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பி வீட்டு எர்த்துக்கு அண்ணன் காவல். பொன்னுத்தங்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மெயின் போன பிறகும் மனுசன் அதிகாரம் போகவில்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. நாம் வெறுக்கிற ஆள் நல்லது செய்தாலும் அது நமக்கு நல்லதாகத் தெரிகிறதா என்ன?

கரண்டு வந்த மறுநாள் அவள் தச்சாசாரியைக் கூப்பிட்டாள். பட்டாசுப் பெட்டிக்கு அறுக்கிற பலகையில் மெயினைச் சுற்றி ஒரு பெட்டி அடிக்கச் சொன்னாள். முன்னால் கதவு, கதவுக்குக் கொண்டி, கொண்டிக்குப் பூட்டு. தனுஷ்கோடி சாப்பிட வந்தவர் அதைப் பார்த்து, "இது என்ன கூத்து?" என்றார். "பிள்ளைக கை வச்சிரும்ல" என்றாள். வீட்டில் இருக்கிற ஒரே பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. தனுஷ்கோடி மேற்கொண்டு கேட்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். சாவியைப் பொன்னுத்தங்கம் அடுப்படியில் கடுகு டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. முதல் மேகத்துக்கே தெருவில் குரல் கேட்டது.

"ஏத்தா ராசு, மேகம் குமுறுது. மெயினை அமத்தச் சொல்லு."

"அமத்துறோம்னு சொல்லு" என்றாள் பொன்னுத்தங்கம், கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்காமலே. விளக்கு பாட்டுக்கு எரிந்தது. ராஜக்கனி அம்மாவைப் பார்த்தாள். "போயி வேலையைப் பாரு" என்றாள் அம்மா.

அய்யாதுரை தன் வீட்டு விளக்குகளை அமத்திவிட்டார். பிறகு, தீப்பிடித்தால் கொட்ட ஒரு வாளி நிறைய மணலை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். தம்பி வீட்டு வாசலுக்கு எதிரே நின்று, இரும்புக் குழாயையும் வயரையும் அண்ணாந்து பார்த்தபடியே இடி ஓய்கிறவரை நனைந்தார். அதற்கடுத்த மழைக்கும் நின்றார். தெருவில் சிரித்தார்கள். சொர்ணலட்சுமி ஒரு தடவை குடையைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்றாம் மழையிலிருந்து அவர் குரல் கொடுப்பதையும் விட்டுவிட்டார். வருவார், வாளியை வைப்பார், நிற்பார். பொன்னுத்தங்கத்துக்கு ஜெயித்த சந்தோஷம் இருந்தது. ஜன்னல் பக்கம் போகும்போது மட்டும் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கசந்தது. அதனால் மழை நேரத்தில் அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை.

தீபாவளி முடிந்த கையோடு அடுத்த இடம் வந்தது. வெம்பக்கோட்டை பலவேசம் வீடு. அவரும் பட்டாசு ஆலைக்காரர்தான். சீசன் முடிந்து லோடு எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர்கள் வீட்டில் நல்ல காரியம் பேசவே நேரம் கிடைக்கும். இந்த இடமும் தட்டிப்போனால் பிள்ளையின் பெயருக்கே ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். படி தாண்டினால் விளக்கு அணைகிற பெண் என்று விருதுநகரில் கிளம்பிய பேச்சு வெம்பக்கோட்டைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? பொன்னுத்தங்கம் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முன்னறையில் இருந்த பல்பைக் கழற்றிவிட்டு, பெரிய பல்பாக மாட்டச் சொன்னாள். பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்தார்கள். பலவேசம், அவர் மனைவி, மாப்பிள்ளைப் பையன், கூட இரண்டு பெரியவர்கள். பெரியப்பா இல்லாமல் பெண் பார்க்கிற சபை ஏது? அய்யாதுரை வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து வாசலில் நின்று எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பலவேசம் அவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "அண்ணாச்சியை லோடு ஏத்துற இடத்துல பாத்திருக்கேன், பேசிக்கிட்டதில்ல" என்றார். புதுத்தளத்தைப் பார்த்தார்கள், புதுவாசலைப் பார்த்தார்கள். லட்டும் காரச்சேவும் தட்டில் வந்தன. அடுப்படிக் கதவோரம் நின்ற பொன்னுத்தங்கத்துக்கு, பையனின் அமரிக்கையான முகம் ரொம்பவும் பிடித்துப்போயிற்று. உள்ளே ராஜக்கனி தயாராக இருந்தாள்.

அப்போது வெம்பக்கோட்டைப் பக்கமாக ஒரு குமுறல் கேட்டது.

அய்யாதுரை தலையைத் தூக்கிப் பல்பைப் பார்த்தார். அடுப்படிக் கதவைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டு, சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். போனால் போகட்டும் என்று பொன்னுத்தங்கம் நினைத்தாள். மணல் வாளியோடு வாசலுக்கு நேரே வந்து நிற்காமல் இருந்தால் சரி.

பலவேசத்தின் கையில் பாதி லட்டு இருந்தது. அவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "அண்ணாச்சி எங்க போறாக?" என்று கேட்டார்.

"இந்தா வந்துருவாக" என்றார் தனுஷ்கோடி.

இரண்டாவது குமுறல் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. பலவேசம் சுவரைச் சுற்றிப் பார்த்தார். "மெயினு எங்கன இருக்கு?" என்றார்.

புது வேலைப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று பொன்னுத்தங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கணவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள். "அங்கன பெட்டிக்குள்ள இருக்குங்க. முன்ன நடையில இருந்துச்சு. எங்க பெரியவுக மேகம் குமுறுனாப் போதும், அமத்திருவாக. அதான் வீடு இடிச்சப்ப எங்க பக்கம் மாத்தி, பெட்டி அடிச்சுப் பூட்டு போட்டாச்சு. இனி எந்த மழைக்கும் அணையாது."

சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

பலவேசம் லட்டைத் தட்டில் வைத்தார். கூட வந்த பெரியவர் ஒருவர் பூட்டைப் பார்த்தார், பிறகு பலவேசத்தைப் பார்த்தார். பலவேசத்தின் மனைவி காலை மடக்கி எழுவதற்குத் தோதாக உட்கார்ந்தாள். வானம் இப்போது தலைக்கு மேலேயே உறுமியது, பெரிய பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டி எரிந்தது.

"நாம இன்னொரு நாளைக்கு வருவோம்" என்றார் பலவேசம். குரலில் கோபம் இல்லை. "எங்க வீட்டுல என் தம்பி ஒருத்தன் இருந்தான். இடிச் சத்தம் கேட்டும் இந்தா முடிச்சுட்டு வாரேன்னு ஷெட்டுக்குள்ள இருந்துட்டான். அதுக்கப்புறம் மேகம் போட்டா எங்க வீட்டுல ஒரு வயரும் உசுரோட இருக்காது. தப்பா நெனைக்காதீக."

பொன்னுத்தங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எது தட்டிப்போகக் கூடாதென்று அவள் பூட்டுப் போட்டாளோ அதைத் தன் வாயாலேயே தட்டிவிட்டாளே. அவள் நினைத்ததெல்லாம் விருதுநகர் அத்தைக்காரியின் வாயை. பட்டாசு வீட்டுக்காரன் எதற்குப் பயப்படுவான் என்று அவள் யோசிக்கவே இல்லை. அதை யோசிக்கிற ஒரே ஆளை வெளியே தெருவில் நிறுத்திவிட்டாள். இருங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவளை உரசிக்கொண்டு ராஜக்கனி வெளியே வந்தாள்.

காப்பித் தட்டு இல்லை, குனிந்த தலை இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், யாரும் கூப்பிடாமல், பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வந்தாள். இன்னொரு கையில் சாவி. விரல்களில் கடுகு ஒட்டியிருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்தாள், பெட்டிக் கதவைத் தள்ளினாள், எட்டி மெயினின் பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அந்தப் பெரிய பல்பின் வெளிச்சத்தில் அவர்கள் அவளைப் பார்த்தது அவ்வளவு நேரம்தான். வீடு இருண்டது.

அந்த இருட்டில் பொன்னுத்தங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் இதே இருட்டில் அத்தைக்காரியின் குரல் வந்தது. இப்போது எந்தக் குரல் வரப்போகிறதோ என்று காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே மழை சடசடவென்று இறங்கியது. யாரோ மறுபடியும் பாயில் உட்காருகிற சத்தம் கேட்டது.

"பொண்ணு பாத்தாச்சு தாயி" என்றது பலவேசத்தின் குரல். "அரிக்கேன் இருந்தாப் பொருத்துங்க. காப்பியைக் குடிச்சுட்டு, ஆக வேண்டியதைப் பேசுவோம்."

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அவர் மனைவி. பிறகு மகனிடம், "உனக்கு எப்படிலே?" என்று கேட்டாள். பையன் என்ன சொன்னான் என்று இடிச் சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

பொன்னுத்தங்கம் அரிக்கேனைப் பொருத்தினாள். ஈரக்காற்றில் முதல் குச்சி அணைந்துபோயிற்று, இரண்டாவது பற்றியது. அவள் அதைச் சபையின் நடுவில் கொண்டுபோய் வைக்கவில்லை. தூக்கிக்கொண்டு நேரே தெருவாசலுக்குப் போனாள்.

அய்யாதுரை எதிர்ச்சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வீடு இருண்டதைப் பார்த்திருப்பார் போல, அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தியிருந்தார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. காலடியில் மணல் வாளி, அதில் மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்தது. நல்லநாளும் அதுவுமாக ஒரு வீட்டுப் பெரிய மனுசனை இப்படி நிற்கவைத்துவிட்டோமே என்று அவளுக்குக் கண்ணைக் கரித்தது. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"அத்தான்" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அவரைப் பார்த்து வந்தது அதுதான் முதல் தடவை. "உள்ள வாங்க. உங்களைத்தான் கேக்காக."

அய்யாதுரை திடுக்கிட்டுப் போனார். அவளுக்குப் பின்னால், இருட்டுக்குள், பழக்கதோஷத்தில் ராஜக்கனியைத் தேடினார்.

"ஏத்தா ராசு, வாரேன்னு சொல்லு உங்கம்மாகிட்ட" என்றார்.

"எனக்குக் கேட்டுச்சு அத்தான்" என்றாள் பொன்னுத்தங்கம், அரிக்கேனை அவர் காலடிக்குத் தெரிகிற மாதிரித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு. "வாளியை வாசலுக்குள்ளயே வச்சுருங்க. நிலைப்படி புதுசு, வழுக்கும். பாத்து வாங்க."